நள்ளிரவுத் திரைப்படங்கள்

நள்ளிரவுத் திரைப்படங்கள் என்பவை 1970களில் அமெரிக்க நகரங்களின் சில திரையரங்குகளில், வழக்கமான காட்சிகள் முடிந்த பிறகு இரவு பன்னிரண்டு மணியளவில் திரையிடப்பட்ட படங்கள். பெரிய விளம்பரம் எதுவும் இல்லாமல், பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்லியே இவை பரவின. பெரும்பாலானவை குறைந்த செலவில், பெரிய படநிறுவனங்களுக்கு வெளியே எடுக்கப்பட்டவை. வெளியானபோது ஓடாமல் பெட்டிக்குத் திரும்பியவையும், வெளியிட ஆளில்லாமல் கிடந்தவையும் இவற்றில் உண்டு. 'கல்ட் படம்' என்ற சொல் உலகெங்கும் புழக்கத்துக்கு வந்ததில் இந்த நள்ளிரவுக் காட்சிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

அதிகம் அறியப்படாத ஒரு படம் எப்படி உயிர் பிழைக்கிறது என்பதற்கு இவற்றின் வரலாறு நல்ல சான்று. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அதை நம்பிப் பிறருக்குச் சொன்ன ஒருவர் இருக்கிறார். படச்சுருள் யார் கையில் இருந்தது, உரிமை யாரிடம் சிக்கியது என்பதும் படத்தின் தரத்துக்கு இணையாக அதன் தலைவிதியை முடிவு செய்திருக்கிறது.

பெயரும் பொருளும்

'கல்ட்' என்ற ஆங்கிலச் சொல் வழிபாட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒரு தெய்வத்தையோ குருவையோ சுற்றி உருவாகும் சிறிய, தீவிரமான பக்தர் கூட்டத்தை அது குறிக்கும். படங்களுக்கு அதைப் பொருத்தும்போதும் இரண்டு செய்திகள் அதில் அடங்கியிருக்கின்றன: கூட்டம் சிறியது, ஈடுபாடு அளவு கடந்தது. ஒரே படத்தை இருபது முப்பது முறை பார்ப்பது, வசனங்களை மனப்பாடமாக ஒப்பிப்பது, பார்க்காத நண்பரைக் கையோடு இழுத்துச் செல்வது ஆகியவை இந்தக் கூட்டத்தின் அடையாளங்கள்.

தமிழில் இச்சொல் இப்போது தாராளமாகப் புழங்குகிறது. முதல் நாளே அரங்கு நிறைந்து நூறு நாள் ஓடிய படத்தையும் 'கல்ட்' என்கிறார்கள். அதற்கு 'வெற்றிப்படம்' என்ற நல்ல தமிழ்ச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. சொல்லின் உண்மைப் பொருளுக்குத் தமிழில் எடுத்துக்காட்டு வேண்டுமானால் தியாகராஜன் குமாரராஜா இயக்கிய 'ஆரண்ய காண்டம்' (2011) படத்தைச் சொல்லலாம். தணிக்கையில் 52 வெட்டுகள் கோரப்பட்ட அந்தப் படம் அரங்குகளில் நிலைக்கவில்லை. படத்தொகுப்புக்கும் இயக்குநரின் முதல் படத்துக்குமாக இரண்டு தேசிய விருதுகளைப் பெற்றது. அதன் பார்வையாளர் கூட்டம் படம் அரங்கைவிட்டுப் போன பிறகே உருவானது.

எல்ஜின் திரையரங்கு

நள்ளிரவுக் காட்சிகளின் தொடக்கப் புள்ளியாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது நியூயார்க் நகரின் செல்சி பகுதியில், எட்டாவது அவென்யூவும் 19ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருந்த எல்ஜின் திரையரங்கு. பழைய படங்களையும் வெளிநாட்டுப் படங்களையும் சோதனைப் படங்களையும் காட்டிய அரங்கு அது. 1968 முதல் அதை நடத்தியவர் பென் பாரன்ஹோல்ட்ஸ். அன்று போலந்தில் இருந்த, இன்று உக்ரைனில் உள்ள கோவெல் என்ற ஊரில் 1935இல் பிறந்தவர். யூத இனப் படுகொலையிலிருந்து சிறுவனாகத் தப்பி, 1947இல் அமெரிக்கா வந்து சேர்ந்தவர்.

மெக்சிகோவில் எடுக்கப்பட்ட 'எல் டோப்போ' என்ற படத்தை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நடந்த ஒரு காட்சியில் பாரன்ஹோல்ட்ஸ் பார்த்தார். அங்கிருந்தவர்களில் பலர் பாதியில் எழுந்து போனார்கள். அவருக்கோ படம் மனத்தைவிட்டு அகலவில்லை. வழக்கமான நேரத்தில் போட்டால் ஒரு வாரம் தாங்காது என்பதும் அவருக்குத் தெரிந்தது. 1970 டிசம்பர் 18 அன்று அதை நள்ளிரவில் திரையிடத் தொடங்கினார். நாளிதழ்களில் பெரிய விளம்பரம் இல்லை. விமர்சகர்களுக்குச் சிறப்புக் காட்சி இல்லை. படம் 1971 ஜூன் இறுதி வரை, வாரத்தின் ஏழு நாட்களும் ஓடியது.

இந்த முறை எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். ஒரு புதிய படம் சாதாரணமாக வெளியாகும்போது அதன் விதி முதல் வாரத்திலேயே முடிவாகிவிடும். கூட்டம் வராவிட்டால் அரங்கு உரிமையாளர் அடுத்த படத்தைப் போட்டுவிடுவார். படம் பிடித்துப்போன ஐம்பது பேர் தங்கள் நண்பர்களிடம் சொல்லி, அந்த நண்பர்கள் கிளம்பி வருவதற்குள் படம் போயிருக்கும். நள்ளிரவு நேரமோ அரங்குக்கு எப்படியும் பயன்படாத நேரம். வாடகை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. இயந்திரம் ஓட்டுபவருக்கும் சீட்டு கொடுப்பவருக்கும் கூடுதல் சம்பளம் கொடுத்தால் போதும். ஒரேயொரு படச்சுருள் இருந்தால் மாதக்கணக்கில் ஓட்டலாம். முப்பது பேர் வந்தாலும் நட்டமில்லை. அதனால் அரங்குக்காரரால் காத்திருக்க முடிந்தது. வாய்வழிச் செய்திக்கு ஊரைச் சுற்றிவர நேரம் கிடைத்தது.

பாரன்ஹோல்ட்ஸின் திறமை படத்தைத் தேர்ந்தெடுத்ததில் பாதி, அதை எடுக்காமல் விட்டுவைத்ததில் பாதி எனலாம்.

எல் டோப்போ

சிலி நாட்டின் தொகொப்பியா நகரில் 1929இல் பிறந்த அலெக்சாந்திரோ ஜொடொரோவ்ஸ்கி இதை எழுதி இயக்கித் தலைமைப் பாத்திரத்திலும் நடித்தார். 'எல் டோப்போ' என்றால் ஸ்பானிய மொழியில் நிலத்துக்குள் வளை தோண்டும் அகழெலி. சூரியனைத் தேடி வாழ்நாளெல்லாம் மண்ணைத் தோண்டி மேலே வரும் அந்தப் பிராணி, சூரியனைப் பார்த்ததும் குருடாகிவிடும் என்ற சிறு கதை படத்தின் தொடக்கத்தில் வருகிறது. கறுப்பு உடை அணிந்த துப்பாக்கி வீரன் ஒருவன் தன் சிறு மகனைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு பாலைவனத்தில் போகிறான். அங்கே நான்கு ஞானிகளைப் போட்டியில் வெல்ல முயல்கிறான். இரண்டாம் பாதியில் அவன் மாறிப்போன மனிதனாக, குகைக்குள் அடைபட்டுக் கிடக்கும் உடல் ஊனமுற்ற மக்களுக்காகச் சுரங்கம் தோண்டுகிறான். கௌபாய்ப் படத்தின் உடையில் சமயக் கதைகளும் குறியீடுகளும் கலந்து வருகின்றன.

பார்த்தவர்களில் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனானும் ஒருவர். அவருடைய தூண்டுதலால், பீட்டில்ஸின் வணிக மேலாளராக இருந்த ஆலன் கிளைன் படத்தின் உரிமையை வாங்கினார். அதன் பிறகு படம் எல்ஜினிலிருந்து எடுக்கப்பட்டு, பிராட்வே பகுதியில் வழக்கமான படமாக வெளியிடப்பட்டது; எடுபடவில்லை. நள்ளிரவில் ஆறு மாதம் நிறைந்த படம் மாலை வெளிச்சத்தில் படுத்துவிட்டது.

அதைவிடப் பெரிய அடி பின்னால் வந்தது. ஜொடொரோவ்ஸ்கியின் அடுத்த படமான 'தி ஹோலி மவுன்டன்' (1973) கிளைனின் ஆதரவில் உருவானது. அதற்குப் பின் கிளைன் விரும்பிய ஒரு படத்தை இயக்க ஜொடொரோவ்ஸ்கி மறுத்துவிட்டார். கோபமடைந்த கிளைன் இரண்டு படங்களையும் திரையிடாமல் பூட்டிவைத்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இவை மங்கிய திருட்டு நகல்கள் வழியாக மட்டுமே உலவின. 2004இல் இருவரும் சமாதானமான பிறகு படங்கள் சீரமைக்கப்பட்டு, 2007இல் குறுவட்டில் வெளிவந்தன. பரிந்துரைத்தவர்களின் அன்பால் உரிமை கைமாறியது. அந்த உரிமையே படத்தைச் சிறை வைத்தது.

இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லும்போது விட்டுவிடக் கூடாத செய்திகள் இரண்டு. படப்பிடிப்பில் முயல்கள் உண்மையாகவே கொல்லப்பட்டன. படத்தில் வரும் வன்புணர்வுக் காட்சியில் தாம் நடிகையிடம் நடிக்கவில்லை, உண்மையாகவே அப்படி நடந்துகொண்டதாக ஜொடொரோவ்ஸ்கி 1970களில் பெருமையாகச் சொல்லியிருந்தார். கவனத்தை ஈர்க்கச் சொன்ன பேச்சு அது, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று பின்னாளில் மறுத்தார். நியூயார்க்கில் உள்ள எல் மூசியோ டெல் பாரியோ என்ற அருங்காட்சியகம் 2019இல் அவருடைய கண்காட்சியை இதன் காரணமாக ரத்து செய்தது. எல்ஜினில் படம் பார்த்த தலைமுறை இவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று ஒருவருக்கு இந்தப் படத்தைப் பரிந்துரைப்பவர் இதையும் சேர்த்துச் சொல்வதே முறை. கேட்பவர் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய அது தேவை.

பதிப்புரிமை இல்லாமல் போன படம்

'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) படத்தின் கதை இதற்கு நேர் எதிரானது. பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்களும் தொழிற்சாலைகளுக்கான படங்களும் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கியது இது. முதலில் பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டார்கள். மொத்தச் செலவு கடைசியில் சுமார் 1,14,000 டாலர் ஆனது. எவன்ஸ் சிட்டி என்ற ஊருக்கு அருகே, இடிக்கப்படவிருந்த ஒரு பண்ணை வீட்டில் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தார்கள். ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு பயன்பட்டது.

உயிர்பெற்று எழுந்த பிணங்கள் மனிதரைத் தின்ன வருகின்றன. ஒரு வீட்டுக்குள் சிக்கிய ஏழு பேர், வெளியே இருக்கும் ஆபத்தைவிடத் தங்களுக்குள் நடக்கும் சண்டையால் அழிகிறார்கள். தலைமைப் பாத்திரத்தில் நடித்த டுவேன் ஜோன்ஸ் ஒரு கறுப்பின நடிகர். நடிகர் தேர்வில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்ததால் அவரைத் தேர்ந்தெடுத்ததாக ரொமேரோ சொல்லியிருக்கிறார். கதையில் எங்கும் அவருடைய நிறம் பேசப்படவில்லை. 1968இல் அமெரிக்கப் படமொன்றில் இது அரிது. முடிக்கப்பட்ட படச்சுருளைக் காரில் வைத்து நியூயார்க்குக்கு எடுத்துச் சென்றபோதுதான், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு படத்தின் முடிவுக்கு இயக்குநர் நினைத்திராத கனம் வந்து சேர்ந்தது.

கறுப்பு வெள்ளை என்பதால் ஒரு நிறுவனம் மறுத்தது. முடிவை மகிழ்ச்சியானதாக மாற்றச் சொன்னது இன்னொன்று. கடைசியாக ஏற்றுக்கொண்ட விநியோகத்தர் தலைப்பை மாற்றினார். படத்துக்கு முதலில் இருந்த பெயர் 'நைட் ஆஃப் தி ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்'. பழைய தலைப்பு அட்டையை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்த்தபோது, அதில் இருந்த பதிப்புரிமை அறிவிப்பும் போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, அறிவிப்பு இல்லாமல் வெளியிட்ட படைப்பு பொதுவுடைமை. யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், காட்டலாம், விற்கலாம்.

படம் எடுத்தவர்களுக்கு இது கொடுமையான இழப்பு. லட்சக்கணக்கானோர் பார்த்த படத்திலிருந்து அவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தின் பெரும்பகுதி வரவில்லை. அதே காரணத்தால் படம் எங்கும் பரவியது. நள்ளிரவு அரங்குகள், கல்லூரிகள், உள்ளூர்த் தொலைக்காட்சிகள், பிறகு மலிவுவிலை ஒளிநாடாக்கள் எனக் கட்டணம் கேட்க ஆளில்லாத படம் போகாத இடமில்லை. இன்று திரையில் காணும் 'ஜாம்பி' என்ற உருவம், மெதுவாக நடந்து கூட்டமாக வந்து மனிதரைத் தின்பது, இந்தப் படத்தில் பிறந்ததே. 1999இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இது சேர்க்கப்பட்டது. நவீனக் கலை அருங்காட்சியகம் பங்கேற்ற சீரமைப்புப் பணி 2016இல் நிறைவடைந்து, படம் எடுத்தவர்கள் கண்ட தெளிவு அப்போதுதான் திரும்பி வந்தது.

கார்னிவல் ஆஃப் சோல்ஸ்

ரொமேரோவின் படத்துக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' (1962) நள்ளிரவு அரங்குகளில் புகழ்பெற்றதல்ல. பின்னிரவுத் தொலைக்காட்சியில் பிழைத்த படம். ஆயினும் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கத் தகுந்தது. கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் சென்ட்ரான் என்ற நிறுவனம் பள்ளிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பாடப்படங்கள் எடுத்துவந்தது. வகுப்பில் எப்படி நடந்துகொள்வது, இயந்திரத்தைப் பாதுகாப்பாகக் கையாள்வது எப்படி போன்றவையே அவற்றின் பொருள். அங்கே இயக்குநராக இருந்த ஹெர்க் ஹார்வி தம் வாழ்நாளில் எடுத்த ஒரே முழுநீளக் கதைப்படம் இது.

கலிஃபோர்னியாவிலிருந்து காரில் ஊர் திரும்பும் வழியில், யூட்டா மாநிலத்தின் பெரும் உப்பு ஏரிக் கரையில் சால்ட்டேர் என்ற கைவிடப்பட்ட கேளிக்கை மண்டபத்தை ஹார்வி பார்த்தார். அந்த இடத்தைச் சுற்றி ஒரு கதை எழுதும்படி சக ஊழியர் ஜான் கிளிஃபர்டிடம் கேட்டார். விடுப்பு எடுத்து மூன்று வாரங்களில் படப்பிடிப்பை முடித்தார்கள். பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்த காரிலிருந்து கரையேறும் ஓர் இளம்பெண், வேறு ஊருக்குப் போய்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலையில் சேர்கிறாள். வெளிறிய முகத்துடன் ஒருவன் அவளைத் தொடர்கிறான். அந்த ஆளாக நடித்தவரும் ஹார்விதான். சில நேரங்களில் சுற்றியிருப்பவர்களுக்கு அவள் தென்படுவதில்லை. உலகின் ஓசை முழுதும் நின்றுபோகிறது. செலவில்லாமல் ஒலியை நிறுத்தி உண்டாக்கும் அந்த அச்சம், லட்சங்கள் கொட்டிய தந்திரக் காட்சிகளில் கிடைப்பதில்லை.

விநியோகத்தரின் தோல்வியால் படம் எடுத்தவர்களுக்குப் பணம் வரவில்லை. ஹார்வி மீண்டும் பாடப்படங்களுக்கே திரும்பினார். தொலைக்காட்சியில் இரவு வெகுநேரம் கழித்து ஒளிபரப்பானதைச் சிறுவயதில் பார்த்துப் பயந்தவர்கள் வளர்ந்து அதைத் தேடத் தொடங்கினார்கள். 1989இல் படம் மீண்டும் அரங்குகளுக்கு வந்தது. அப்போது ஹார்வி உயிருடன் இருந்தார்.

இரேசர்ஹெட்

டேவிட் லிஞ்சின் (1946–2025) முதல் முழுநீளப் படமான 'இரேசர்ஹெட்' (1977) முடிய ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆயின. லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்கத் திரைப்படக் கழகம் கொடுத்த 10,000 டாலர் உதவித்தொகையில், அதன் வளாகத்தில் இருந்த பழைய குதிரை லாயங்களில் படப்பிடிப்பு தொடங்கியது. பணம் தீர்ந்தது. லிஞ்ச் வீடுவீடாக நாளிதழ் போடும் வேலை பார்த்துக்கொண்டு, கைக்குப் பணம் வந்தபோதெல்லாம் படம் பிடித்தார். நாயகன் ஜாக் நான்ஸ் இத்தனை ஆண்டுகளும் அந்த விநோதமான தலைமுடியைக் காப்பாற்றி வந்தார். தொழிற்சாலை நகரம் ஒன்றில் தந்தையாகிவிட்ட பயந்த இளைஞன், மனிதக் குழந்தை போல இல்லாத ஒரு குழந்தை, இடைவிடாமல் இரையும் இயந்திர ஒலி: இவ்வளவே படம். ஆலன் ஸ்ப்லெட்டுடன் சேர்ந்து லிஞ்ச் உருவாக்கிய ஒலியமைப்புக்காகவே இதைக் காதணிபேசியுடன் பார்ப்பவர்கள் உண்டு.

இதற்கும் பாரன்ஹோல்ட்ஸே துணை வந்தார். எல்ஜினைவிட்டு விலகி விநியோகத்தராகியிருந்த அவர், நியூயார்க்கின் சினிமா வில்லேஜ் அரங்கில் 1977 இலையுதிர் காலத்தில் இதை நள்ளிரவில் வெளியிட்டார். முதல் இரவு வந்தவர்கள் சுமார் 25 பேர். அடுத்த இரவும் கூடவில்லை. படம் எடுக்கப்படவில்லை. மெல்ல மெல்லக் கூட்டம் சேர்ந்து, பிற நகரங்களிலும் ஆண்டுக்கணக்கில் ஓடியது.

வாய்வழிப் பரிந்துரை எவ்வளவு தூரம் கொண்டு சேர்க்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு கிடைப்பது கடினம். படத்தைப் பார்த்த ஸ்டூவர்ட் கோர்ன்ஃபெல்ட் என்ற இளம் தயாரிப்பாளர், தாம் பணிசெய்த நகைச்சுவை இயக்குநர் மெல் புரூக்ஸிடம் லிஞ்சின் பெயரைச் சொன்னார். புரூக்ஸ் படத்தைப் போட்டுப் பார்த்தார். பிடித்துப்போய், தாம் தயாரித்த 'தி எலிஃபன்ட் மேன்' (1980) படத்தை இயக்கும் பொறுப்பைக் கொடுத்தார். அது 8 ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது. லிஞ்சின் பிற்காலப் படங்கள் எல்லாம் அந்தக் கதவின் வழியே வந்தவை.

ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ

லண்டனில் 1973இல் சிறு அரங்கொன்றில் நாடகமாகத் தொடங்கிய ரிச்சர்ட் ஓபிரையனின் படைப்பு 1975இல் ஜிம் ஷார்மன் இயக்கத்தில் படமானது. பெரிய நிறுவனமான ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் வெளியிட்டும் தோற்றது. 1976 ஏப்ரல் 1 அன்று நியூயார்க்கின் வேவர்லி அரங்கில் நள்ளிரவுக் காட்சியாகத் தொடங்கியபோது யாருக்கும் பெரிய எதிர்பார்ப்பு இல்லை.

சில மாதங்களில் விசித்திரமான ஒன்று நடந்தது. நாயகி கொட்டும் மழையில் தலைக்கு மேல் நாளிதழைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறாள். பார்வையாளர் ஒருவர், குடை வாங்கக் கூடாதா என்று திரையைப் பார்த்துக் கத்தினார். அவர் ஒரு மழலையர் பள்ளி ஆசிரியர். வகுப்பறைப் பழக்கம் போலும். அரங்கம் சிரித்தது. அடுத்தடுத்த வாரங்களில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் பதில் வசனம் உருவானது. திருமணக் காட்சியில் அரிசி தூவினார்கள்; மழைக் காட்சியில் தாங்களும் நாளிதழைத் தலையில் பிடித்தார்கள். பாத்திரங்களைப் போல உடையணிந்து திரைக்கு முன்னால் நின்று கூடவே நடித்தார்கள்.

கூத்தில் கட்டியங்காரனோடு பதிலுக்குப் பதில் பேசிப் பழகிய ஊர்களில் இது அவ்வளவு வியப்பாக இராது. இருட்டில் வாய்மூடிப் படம் பார்க்கும் வழக்கமுடைய நாட்டில் அது புதுமை. இந்தப் படத்தைத் தனியாக வீட்டில் பார்ப்பவருக்கு என்ன சிறப்பு என்றே புரியாமல் போகலாம். படம் பாதி, கூட்டம் பாதி. ஜெர்மனியின் மியூனிக் நகரில் மியூசியம் லிஷ்ட்ஸ்பீலே என்ற அரங்கு 1977 முதல் இதைத் திரையிட்டு வருகிறது. திரைப்பட வரலாற்றில் மிக நீண்ட காலம் அரங்குகளில் ஓடும் படமாக இது கருதப்படுகிறது.

பிற படங்கள்

பால்டிமோர் நகரைச் சேர்ந்த ஜான் வாட்டர்ஸின் 'பிங்க் ஃப்ளமிங்கோஸ்' (1972) வேண்டுமென்றே அருவருப்பூட்ட எடுத்த நகைச்சுவைப் படம். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது போடக்கூடியதல்ல. தனியாக இருக்கும்போதும் எல்லாராலும் முடியாது. எல்ஜினில் அது நள்ளிரவில் ஓடியபோது அதன் விநியோகத்தர், ராபர்ட் ஷே தம் குடியிருப்பிலிருந்து நடத்தத் தொடங்கிய நியூ லைன் சினிமா. பின்னாளில் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களை எடுத்த அதே நிறுவனம்.

'ரீஃபர் மேட்னெஸ்' கஞ்சாவின் தீமையைப் பெற்றோருக்கு எச்சரிக்க 1930களில் எடுத்த அறிவுரைப் படம். கஞ்சாச் சட்டங்களை மாற்றக் கோரிய இயக்கத்தின் தலைவர் கீத் ஸ்ட்ரூப், 1972இல் 297 டாலர் கொடுத்து அதன் நகலொன்றை நாடாளுமன்ற நூலகத்திலிருந்து வாங்கினார். கல்லூரிகளில் காட்டியபோது மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிகைப்படுத்திய அறிவுரை எப்படிப் பயன்படும் என்பதை ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஜமைக்காவின் முதல் முழுநீளக் கதைப்படமான பெரி ஹென்செலின் 'தி ஹார்டர் தே கம்' (1972) மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரில், ஆர்சன் வெல்ஸ் சினிமா என்ற அரங்கில் ஆண்டுக்கணக்கில் நள்ளிரவில் ஓடியது. கிராமத்திலிருந்து பாடகனாகும் கனவோடு கிங்ஸ்டன் நகருக்கு வருபவன் குற்றவாளியாக மாறும் கதை. ஜிம்மி கிளிஃப் நடித்துப் பாடினார். பேச்சு ஆங்கிலமே என்றாலும் ஜமைக்க வழக்கு புரியாததால் அமெரிக்காவில் துணைத்தலைப்புகளோடு காட்டப்பட்டது. ரெகே இசையை உலகுக்குக் கொண்டுபோனதில் இதன் பாடல் தொகுப்புக்குத் தனி இடம் உண்டு.

ஹால் ஆஷ்பியின் 'ஹரோல்ட் அண்ட் மாட்' (1971) நள்ளிரவுப் படமல்ல. ஆனால் மின்னசோட்டாவின் எடைனா நகரில் வெஸ்ட்கேட் என்ற அரங்கில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக எடுக்காமல் ஓட்டியதால், வேறு படம் போடுங்கள் என்று ஊர்க்காரர்கள் பதாகை பிடித்து நின்றார்கள்.

மறைவு

1980களில் ஒளிநாடாக் கருவி வீடுகளுக்கு வந்தது. அரிய படம் ஒன்றைப் பார்க்க நள்ளிரவில் கிளம்ப வேண்டிய தேவை குறைந்தது. நகரங்களில் இடத்தின் விலை ஏறியதும் சிறு அரங்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எல்ஜின் கட்டடம் உள்ளே மாற்றிக் கட்டப்பட்டு 1982இல் ஜாய்ஸ் தியேட்டர் என்ற நடன அரங்காகத் திறக்கப்பட்டது. வேவர்லி இருந்த இடத்தில் 2005 முதல் ஐஎஃப்சி சென்டர் என்ற திரையரங்கு இயங்குகிறது. பாரன்ஹோல்ட்ஸ் 2019இல் காலமானார். கோயன் சகோதரர்களின் முதல் படமான 'பிளட் சிம்பிள்' வெளிவரவும் அவர் காரணமாக இருந்தார்.

பார்க்க விரும்புவோருக்கு

எல்லாருக்கும் ஒரே வரிசை பொருந்தாது. பழக்கமில்லாதவர் 'ஹரோல்ட் அண்ட் மாட்' படத்தில் தொடங்கலாம். சாவைப் பற்றிய கிண்டலும் வயது கடந்த அன்பும் கொண்ட அது யாரையும் விரட்டாது. இசையில் நாட்டமுள்ளவருக்கு 'தி ஹார்டர் தே கம்'. திகில் விரும்பிகள் ரொமேரோவின் படத்தைப் பார்க்கலாம், ஆனால் அதைப் பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம். வெளியான காலத்தில் பகல் காட்சிக்குத் தனியாக அனுப்பப்பட்ட சிறுவர்கள் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்ததை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் பதிவு செய்திருக்கிறார். 'இரேசர்ஹெட்' 89 நிமிடம்தான்; கருவுற்றிருப்பவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் அதைச் சிபாரிசு செய்வதைத் தவிர்ப்பது நல்லது. 'எல் டோப்போ', 'பிங்க் ஃப்ளமிங்கோஸ்' இரண்டையும் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' படத்துக்கு இதற்கு நேர் மாறான விதி: கதையைச் சொல்லாமல் கொடுக்க வேண்டும். முடிவு தெரிந்துவிட்டால் பாதிச் சுவை போய்விடும். இதுவும் ரொமேரோவின் படமும் பொதுவுடைமை என்பதால் இணையத்தில் பல பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தேய்ந்த நகல்களிலிருந்து எடுத்தவை. முகம் வெளுத்து, ஒலி கரகரக்கும். சீரமைக்கப்பட்ட பதிப்பா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஹார்வியின் படத்தில் ஒலி நின்றுபோகும் இடங்கள், தேய்ந்த நகலில் நகலின் கோளாறு போலவே தோன்றும்.